ஆகஸ்ட்ல டோக்கியோ கடைவீதி: அங்க தொங்கறது எந்த சீசன் துணி?

காதர்பேட்டை நிட்ஸ்:
வணக்கமுங்க. லேடீஸ் நிட் டாப்ஸ் பண்றமுங்க. ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் டோக்கியோல அஞ்சு நாள். ஷிபுயா, ஹராஜுகு, கின்சா கடைவீதிக பாக்கறதா திட்டம். அடுத்த வருஷ சம்மர் ரகத்துக்கு ஐடியா எடுக்க இது சரியான நேரமுங்களா? இன்னொண்ணு, அங்க ரோட்டுல விளம்பரம் வெச்ச டிஷ்யூ பாக்கெட் சும்மா குடுக்கறாங்களாமே, கோவை கிராஸ்கட் ரோட்டுல ஆடித் தள்ளுபடிக்கு நாம குடுத்தா எடுபடுமா?

ஒசாகா கொங்கன்:
சம்மர் ரகம் பாக்கோணும்னா மே மாசம் போங்க. அப்பத்தான் முழு சைஸ், முழு கலரோட தொங்கும். ஜூன் கடைசி, ஜூலைல தள்ளுபடி ஆரம்பிச்சுரும். ஆகஸ்ட்ல மிச்சம் கிடக்கறது விக்காத சைஸ்தான். அதை வெச்சு எது ஓடுச்சுன்னு கணக்குப் போட்டா தப்பாயிரும்.

ஆனா டிக்கெட் போட்டிருந்தா ரத்து பண்ணாதீங்க. ஆகஸ்ட்ல அங்க 35 டிகிரி வெயில் அடிக்கும், ஆனா கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மைக்கு ஒயின், கடுகு மஞ்சள், காப்பி பிரவுன் போட்டிருப்பாங்க. தொட்டுப் பாருங்க, துணி மெல்லிசு, அரைக்கை. இதை "அகி-இரோ, நட்சு-சொஸாய்"ம்பாங்க. இலையுதிர்காலக் கலர், கோடைத் துணின்னு அர்த்தம். சிங்கிள் ஜெர்சி, அதாவது மெல்லிசு பனியன் துணி பண்ற திருப்பூருக்குன்னே அமைஞ்ச வாய்ப்பு இது.

ஆகஸ்ட் 13-லருந்து 16 வரைக்கும் ஓபோன், முன்னோரைக் கும்பிடற பண்டிகை. கடை திறந்திருக்கும், பையர் (நம்மகிட்ட துணி வாங்கற கம்பெனி) ஆபீஸ் பலதும் லீவு. மீட்டிங் இருந்தா 13-க்கு முந்தியே முடிச்சுக்கோங்க. கின்சா சூவோ வீதில சனி, ஞாயிறு மத்தியானம் 12-லருந்து வண்டி விடமாட்டாங்க. நிதானமா கடைக் கண்ணாடி பாக்க அதான் நேரம். கடைக்குள்ள கேக்காம போட்டோ எடுக்காதீங்க. உள்பக்க லேபிள்ல நூல் சதவீதம் கட்டாயம் போட்டிருக்கும், அதை நோட்ல குறிச்சுக்கோங்க. "மென்"னா பருத்தி.

பெருந்துறை டையிங்:
அந்தக் கலர் விசயத்துல ஒரு எச்சரிக்கைங்க. ஒயின், நேவி மாதிரி அடர் ரியாக்டிவ் சாயத்துல (பருத்திக்குப் போடற சாயம்) ஈர ரப்பிங் கிரேடு விழும், அதாவது ஈரத் துணில தேச்சா சாயம் ஒட்டிக்கும். ஒட்டாத சாயம் நூல் மேலயே தங்கிருது, அதான் காரணம். சாயம் முடிஞ்சதும் சாயத்தோட போட்ட உப்பு போற வரைக்கும் அலசிட்டு, அப்புறம் கொதிநிலைக்குக் கிட்ட சோப்பிங், அதாவது சோப்புத் தண்ணி அலசல் குடுக்கோணும். உப்போட சோப்பிங் பண்ணுனா சாயம் கழண்டு வராது. ஜப்பான் பையர் இதை டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க.

தேதியப் பின்னாலருந்து எண்ணுங்க. ஆகஸ்ட் 1 கடைல தொங்கோணும்னா ஜூன் மொத வாரம் தூத்துக்குடில பெட்டி ஏறோணும். கடல்ல மூணு நாலு வாரம், அங்க இறங்கி செக்கிங்குக்கு ரெண்டு வாரம். அப்படின்னா சாயம் ஏப்ரல்ல, லேப் டிப் (சின்னத் துணில போட்டுக் காட்டற கலர் சாம்பிள்) ஓகே மார்ச்சுக்குள்ள. மார்ச் தாண்டுனா விட்டுருங்க, அந்தக் கலர் அக்டோபர்ல தள்ளுபடிக்குத்தான் போகும்.

காதர்பேட்டை நிட்ஸ்:
ரொம்ப நன்றிங்க. டிஷ்யூ விசயம்?

ஒசாகா கொங்கன்:
நோட்டீஸ் குடுத்தா ரெண்டடில கீழ போட்டுருவாங்க, டிஷ்யூன்னா பைக்குள்ள போகும். அதான் அதுக்குள்ள இருக்கற சூட்சுமம். விளம்பரத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கும், தீர்ற வரைக்கும் கண்ணுல படும். குடுக்கறவங்க வழிய மறிக்கமாட்டாங்க. பக்கவாட்டுல நின்னு, ஆள் ரெண்டு மூணு அடில வர்றப்போ கை உயரத்துக்கு நீட்டுவாங்க, ஒத்த வரிதான் பேச்சு. பொது ரோட்டுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல ரோடு உபயோக அனுமதி வாங்கோணும். இங்கயும் கேட்டுட்டு நில்லுங்க.

நம்மூர்ல கைக்குட்டைதான் வழக்கம், அதனால டிஷ்யூ அவ்வளவா எடுபடாதுங்க. அங்க கோடைல விளம்பர விசிறியும் குடுக்கறாங்க. அது பரவால்ல, ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற ஆடில விசிறி எதுக்கு? சித்திரைல குடுங்க. ஆடிக்கு வேணும்னா, கட்டிங்ல மிஞ்சற பனியன் துணில சின்னப் பை தெச்சு, உள்ள கடை சீட்டு வெச்சுக் குடுங்க. தூக்கிப் போட மனசு வராது.