புதுப்பிப்பு: குறும்படத்தில் இசை காட்சியை முந்தும் சிக்கல் தீர்ந்தது

நான் இசையமைத்த குறும்படத்தில் தொடக்கம் சரியாக இருக்கிறது, போகப் போக இசை காட்சிக்கு முன்னால் ஓடிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது) குழப்பம் என்று பலர் சொன்னீர்கள். அது இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் சுருதியே ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்) ஏறியிருக்கும், இங்கே ஏறவில்லை. 'பிரேம் ரேட்டைப் பாருங்க' என்றாரே ஒருவர், அவர் சொன்னதுதான் சரி. படத்தொகுப்பு நடந்தது விநாடிக்கு 23.976 பிரேமில், எனக்கு வந்த வீடியோ 24-இல்; அது சற்று வேகமாக ஓடியதால், அதைப் பார்த்து அமைத்த இசையும் முந்திக்கொண்டது. 0.1 சதவீத வித்தியாசம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் 0.6 விநாடி ஆகிவிடுகிறது. கதவு அறைவதற்கு முன்பே தபேலா அடி விழுந்தால் யாருக்கும் உறுத்தும்.

எதிர்பாராதது ஒன்று: இசையை நீட்ட டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது) போட்டதும் தபேலா அடிகளின் கூர்மை மழுங்கிவிட்டது. அப்புறம் பழைய டேப் மாதிரி வேகத்தையே 0.1 சதவீதம் குறைத்தேன். சுருதி இரண்டு சென்ட்கூட (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்காது. இசையை மறுபடி ரெண்டர் செய்பவர்கள் (கோப்பாக வெளியெடுப்பவர்கள்) டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை, 1.001-ஆல் வகுத்தால் போதும்: 90 என்பது 89.91.

இனி டைம்கோடு (ஒவ்வொரு பிரேமின் நேர எண்) பொறித்த வீடியோ வந்தால்தான் வேலையைத் தொடங்குவேன்.