புதுப்பிப்பு: குறைந்த ஆர்பிஎம், பழி எஞ்சின் மேல் இல்லை
என் விமானத்தைத் தரையில் நிறுத்தி முழு த்ராட்டில் கொடுத்தும் கையேட்டின் குறைந்தபட்சத்தைவிட 60 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) குறைகிறது, வெயில்தான் காரணமோ என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். 35 டிகிரியில் கடல்மட்டக் காற்றே சுமார் 2,400 அடி உயரத்துக் காற்றைப்போல மெலிந்திருக்கும்; எஞ்சின் திறன் குறையும். ஆனால் மெலிந்த காற்றைக் கிழிக்க, அலகுகளின் கோணம் மாறாத புரொப்பெல்லருக்கும் சிரமம் குறைவு. ஏறக்குறைய ஈடாகிவிடும். ஈரப்பதம் அப்படியல்ல: நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், புரொப்பெல்லரின் சுமையோ அவ்வளவாக இறங்காது.

சென்ற வாரம் பார்த்தபோது காற்று வால்பக்கமிருந்து வீசியது; அதுவும் ஆர்பிஎம்மைக் குறைக்கும். இன்று காலை, காற்று அசையாத நேரத்தில் மறுபடி பார்த்தேன்: குறை 40தான். பிறகு சுழற்சியை ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டரைப் புரொப்பெல்லருக்கு நேரே பிடித்தால், கருவிப்பலகை முள்ளே 40 குறைத்துக் காட்டுகிறது! இதற்காகவா சிலிண்டரைக் கழற்ற இருந்தேன்?