எம்பரர் பென்குயினுக்கு முட்டையிட வேறு மாதமே கிடைக்கவில்லையா?

திண்ணைவாசி:
நேற்று மகளோடு உட்கார்ந்து அண்டார்க்டிகா வீடியோ ஒன்று பார்த்தேன். எம்பரர் பென்குயின் மே, ஜூனில் முட்டையிடுகிறதாம். அங்கே அதுதான் கடுங்குளிர், மைனஸ் 40 வரை போகிறது. கோடையில் இட்டால் என்ன? அப்புறம் மகளின் கேள்வி: இரண்டு மாதம் பனி மேலேயே நிற்கிறதே, கால் உறைந்து போகாதா? பதில் தெரியாமல், கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டிக்கொள்ளும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

கடற்காகம்:
கூழாங்கல் கதை அடேலி பென்குயினுடையது, முதலில் அதைத் திருத்திவிடுங்கள். எம்பரருக்குக் கூடே கிடையாது. உறைந்த கடல் மேல் குடியிருக்கிற பறவை கல்லுக்கு எங்கே போகும்? ஒரே ஒரு முட்டை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெண் அதை ஆணின் பாதத்தின் மேல் தள்ளிவிட்டு இரை தேடக் கடலுக்குப் போய்விடும். தள்ளும்போது தவறிப் பனியில் உருண்டு கொஞ்ச நேரம் கிடந்தால் முட்டை அவ்வளவுதான்.

ஏன் குளிர்காலம் என்பதற்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். குஞ்சு கடலில் இறங்க நல்ல நேரம் டிசம்பர், ஜனவரி. அப்போதுதான் பனி உடைந்து கடல் பக்கத்தில் வரும், இரையும் நிறைய. வளர ஐந்து மாதம், அடைகாக்க 65 நாள் போல, கழித்துப் பாருங்கள், மே மாதத்தில் வந்து நிற்கும். கோடையில் முட்டையிட்டால் நடுக்குளிரில் குஞ்சு கடலுக்குப் போக வேண்டியதுதான்.

அரைத்தூக்கம்:
கால் விஷயம். பாதத்துக்குப் போகும் ரத்தக்குழாயும் திரும்பி வரும் ரத்தக்குழாயும் ஒட்டியே ஓடுவதால், போகிற ரத்தத்தின் சூடு வழியிலேயே வருகிற ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும், பனிக்குக் கொடுக்க அதனிடம் சூடே இல்லை. மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். ஆண்கள் நெருக்கியடித்து நின்று, அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை சின்ன அடி நகர்கின்றன, அதில் வெளியே நிற்பது மெல்ல உள்ளே வருகிறது. நடுவில் 37 டிகிரி வரை ஏறுமாம்.

திண்ணைவாசி:
சரி, குஞ்சு பொரித்தும் அம்மா வரவில்லை என்றால்? அப்பா அதுவரை பட்டினிதானே?

கடற்காகம்:
ஆமாம், ஏறக்குறைய நான்கு மாதம், எடையில் 40 சதவீதம் போய்விடும். அப்படியும் தொண்டைக்குழாயில் பால் மாதிரி ஒன்று சுரந்து குஞ்சுக்கு ஊட்டும், சில நாளுக்குத்தான் தாங்கும். அதற்குள் அம்மா வராவிட்டால் குஞ்சை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். வீடியோக்காரர்கள் தியாகத் தந்தை என்று உருகும்போது இந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். 20 வருடம் வரை வாழக்கூடிய பறவை, செத்துப்போனால் அடுத்த வருடம் முட்டையை யார் சுமப்பது?

உப்புக்காற்று:
இவ்வளவு துல்லியமான கணக்கும் பனி நேரத்துக்கு முன்பே உடைந்தால் வீண். 2022 இறுதியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அதுதான் நடந்தது, அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் எல்லாமே அழிந்திருக்கும் என்கிறார்கள். குஞ்சின் பஞ்சுச் சிறகில் தண்ணீர் புகுந்துவிடும், நீந்தவும் முடியாது, நனைந்தால் குளிரிலேயே செத்துவிடும். பனியில் தெரியும் எச்சத்தின் பழுப்புக் கறையை வைத்துத்தான் செயற்கைக்கோள் படத்தில் குடியிருப்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள், அந்தக் கறை திடீரென்று காணாமல் போனது.

திண்ணைவாசி:
நன்றி எல்லோருக்கும். கூழாங்கல்லைத் திருத்தியாயிற்று, கால் விஷயமும் சொல்லிவிட்டேன். 2022 பற்றி இப்போதைக்கு வாய் திறக்கவில்லை, தூங்க மாட்டாள்.