புதுப்பிப்பு: எள் ஒட்டிய சூரை மீன், இந்த முறை உதிரவில்லை

சூரை மீன் துண்டில் எள்ளைப் புரட்டிக் கல்லில் போட்டால் எள் உதிர்ந்து கருகுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஈரத்தைத் துடைக்கச் சொன்ன அண்ணாச்சிக்கும், முட்டை வெள்ளைக்கரு தடவச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. இரண்டும் பலித்தன.

உவரியிலிருந்து ஐஸில் வந்த சூரை. ஐஸ் முக்கியம், வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் (ஒவ்வாமை மாதிரி தொல்லை தரும் பொருள்) சேர்ந்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. துணியால் ஒற்றி, உப்பு மிளகுத்தூள் போட்டு, வெள்ளைக்கருவை மெல்லிசாகத் தடவி, வெள்ளை எள்ளையும் கருப்பு எள்ளையும் உள்ளங்கையால் அழுத்தினேன். இரும்பு தோசைக்கல், மிதமான தீ. போட்ட துண்டை அசைக்கவே கூடாது. கருப்பு எள்ளில் பதம் தெரியாது. ஓரத்து வெள்ளை எள் பொன்னிறமானதும் திருப்புங்கள்.

ஜப்பானியர்கள் நடுவில் பச்சையாகவே விடுவார்கள். சந்தை மீனில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மூடி போட்டு வேகவைத்தேன், சாறு வற்றவில்லை.

அப்புறம் தொட்டுக்கொள்ள: சோயா சாஸ், துருவிய இஞ்சி, எலுமிச்சை, கொஞ்சம் உடன்குடி கருப்பட்டி. ஜப்பானியர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்து, அம்மியில் நுணுக்கிச் சேர்த்தேன். வீடே மணத்தது!

அடுத்து நெய்மீனில் செய்யப்போகிறேன்.