அபார்ட்மென்ட் வாக்கெடுப்பில் ஓட்டுப் போடாமல் இருப்பது விசுவாசமா, நழுவலா?

பெரம்பூர்வாசி:
எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு வாக்கெடுப்பு போட்டிருக்கிறார்: 'வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறலாமா, கூடாதா?' நான் இரண்டையும் தொடவில்லை. 'இதை ஓட்டுக்கு விடுவதே தப்பு. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுவோம், வேலைக்கு வரும் அக்காக்களையும் கூப்பிடுவோம்' என்று எழுதினேன்.

நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். கொரோனா காலத்திலிருந்து ஜூமில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மௌன வழிபாட்டில் உட்காருகிறேன். நான் சேர்ந்திருக்கும் வகையில் போதகர் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லோரும் சும்மா இருப்போம், யாருக்காவது உள்ளிருந்து சொல் எழுந்தால் பேசுவார். ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பதுதான் அடிப்படை. அதனால் நிர்வாக விஷயத்திலும் ஓட்டெடுப்பு இல்லை. கூட்டத்தின் மனம் ஒரு பக்கம் கூடும்வரை பேசுவார்கள். 'ஒரு ஓட்டை வீணாக்கிட்டீங்க' என்கிறாள் என் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஈரோட்டுப்பாதை:
வீட்டில் இருப்பவர் சொன்னதுதான் சரி, தோழர். வாக்கெடுப்பில் ஒதுங்கி நிற்பவர் கணக்கு ஜெயிக்கிற பக்கத்தில்தான் போய்ச் சேரும். மூட்டுவலியோடு நாலு மாடி ஏறும் அம்மாவுக்கு உங்கள் உள்ளொளியால் என்ன பிரயோஜனம்?

குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்த பெருமையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அமெரிக்காவில், பென்சில்வேனியா காலனியின் ஜெர்மன்டவுனில் நாலு பேர் அதை எதிர்த்து எழுதிக் கொடுத்தது 1688-இல். அடிமை வைத்திருப்பவருக்கு எங்களிடம் இடமில்லை என்று அங்குள்ள குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776-இல். 88 வருடம்! அந்தக் காலனியை நிறுவிய வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர். எல்லார் மனமும் கூடட்டும் என்று உட்கார்ந்தால் இதுதான் கதி.

வேப்பேரி டீச்சர்:
கணக்கு சரிதான் தம்பி, ஆனால் அந்த 88 வருடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஜான் உல்மன் என்று ஒரு குவேக்கர். அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுவீடாகப் போய்ப் பேசினார். அங்கே தங்க நேர்ந்தால் தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்காரருக்கு எப்படிச் சுட்டிருக்கும்! 1772-இல் இறந்தார், அந்த முடிவைப் பார்க்கவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் இல்லாமல் 1776 இல்லை.

எங்கள் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. மார்ஜரி சைக்ஸ் 1928-இல் இங்கிலாந்திலிருந்து வந்து வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். தமிழ் கற்றுக்கொண்டார். குவேக்கர் ஆனது இங்கே வந்த பிறகு. அப்புறம் சாந்திநிகேதன், சேவாகிராமம் என்று போனார். வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிய ஆள் இல்லை.

ஈரோட்டுப்பாதை:
நல்ல மனிதர்கள் எல்லா மதத்திலும் உண்டு டீச்சர், நான் மறுக்கவில்லை. உல்மன் பேசிக்கொண்டிருந்த காலம் முழுக்க வயலில் வேலை செய்தவர் யார் என்பதுதான் என் கேள்வி. அதோடு, மனிதர் லிஃப்டில் ஏறுவதற்கு நடுவில் கடவுள் எதற்கு?

வேப்பேரி டீச்சர்:
கடவுள் வேண்டாம் என்றால் இதைக் கேளுங்கள். உங்கள் ஆட்கள் பதவியேற்கும்போது கடவுள் பெயரை விட்டு 'உளமார உறுதி கூறுகிறேன்' என்கிறார்களே, அந்த மாதிரி வழிக்கு இங்கிலாந்தில் முதலில் விலை கொடுத்தவர்களில் குவேக்கர்கள் முக்கியம். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்று மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1696-இல் அவர்களுக்கு உறுதிமொழி போதும் என்று சட்டம் வந்தது. நாத்திகரான சார்லஸ் பிராட்லா நாடாளுமன்றத்தில் போராடிய பிறகு, 1888-இல் எல்லோருக்குமே அந்த உரிமை கிடைத்தது.

ஈரோட்டுப்பாதை:
இது எனக்குத் தெரியாத சங்கதி, நன்றி. ஆனால் சிறைக்குப் போனவர்கள் நீதிபதி முகத்துக்கு நேராக 'முடியாது' என்றார்கள். இவர் பட்டனை விட்டுவிட்டு மொட்டைமாடிக்குக் கூப்பிடுகிறார். இரண்டும் ஒன்றா?

தி.நகர் கடைக்காரர்:
குறுக்கே வருகிறேன். குவேக்கர் வியாபாரிகள் பேரமே பேசாமல் எல்லோருக்கும் ஒரே விலை சொல்வார்களாம். எங்கள் தெருவில் அப்படிச் செய்தால் ஆடி மாதமே கடையை மூட வேண்டியதுதான்! சரி, என் சந்தேகம் இது: செயலாளர் ஒருவரே கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அப்போது அவர் கையில்தானே முழு அதிகாரமும்?

பெரம்பூர்வாசி:
இல்லை அண்ணே. கூட்டத்தை நடத்துபவர் தலைகளை எண்ணுவதில்லை, கூட்டத்தின் போக்கைப் பார்த்து முடிவை எழுதி அங்கேயே வாசிப்பார். 'எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் குறுக்கே நிற்கவில்லை' என்று ஒருவர் விலகிக்கொள்ளலாம். ஒரே ஆளின் பிடிவாதத்துக்காக எல்லாம் நின்றுபோகும் என்பதில்லை. ஆனால் எங்கள் குழுவில் யாரும் குவேக்கர் இல்லை, அது எனக்கும் தெரியும்.

தோழருக்கு: நான் 'ஏறலாம்' என்று ஓட்டுப் போட்டுத் தோற்றால், தோல்வியை ஏற்கவும் ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது எந்தக் குடியிருப்பின் ஓட்டையும் கேட்டு அல்ல. லிஃப்ட் தடைக்கு 'சுத்தம்' என்று பெயர் வைத்தாலும் வாடை அதேதான். இதைக் குழுவில் என் பெயரும் பிளாட் எண்ணும் போட்டே எழுதிவிட்டேன், மௌனமாக இருக்கவில்லை. இன்று மூன்று வீடுகளில் நேரிலும் பேசினேன். ஒருவர் காபி கொடுத்தார், ஒருவர் கதவைத் திறக்கவில்லை, மூன்றாமவர் 'கூடாது' என்று போட்ட ஓட்டை எடுத்துவிட்டார்.

ஈரோட்டுப்பாதை:
17-ஆம் பிரிவை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது! ஆனால் அந்தப் பிரிவும் அரசியல் நிர்ணய சபையில் ஓட்டுக்கு விட்டு நிறைவேறியதுதான், தோழர். வாக்கெடுப்பு எப்போது முடிகிறது?

பெரம்பூர்வாசி:
இன்று இரவு பத்து மணிக்கு. இன்னும் இரண்டு மாடி பாக்கி.

ஈரோட்டுப்பாதை:
போய் வாருங்கள். ஓட்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. உங்கள் வீட்டம்மா ஓட்டுப் போட்டுவிட்டாரா?

பெரம்பூர்வாசி:
முதல் ஆளாகப் போட்டுவிட்டாள்.