ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்ய வழிகாட்டல் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான், தமிழக எல்லையிலுள்ள வாளையார் சோதனைச் சாவடியில் கார்பன் தாள் வைத்து லாரிகளுக்கு விற்பனை வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தேன்; 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வேலை இல்லாமற்போகவே, கோவையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். இப்போது 47 வயதில், பி.காம். பட்டத்தை நம்பி, வணிகர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்கு) தாக்கல் செய்து தரும் பிராக்டிஷனர் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க எண்ணுகிறேன். (பிழைப்பைப் பறித்த வரியே இனிச் சோறு போடட்டுமே!) பதிவுக்கான விண்ணப்பம் பிசிடி-01 படிவம், நாசின் (மத்திய மறைமுக வரிப் பயிற்சி நிறுவனம்) நடத்தும் தேர்வில் தேர்ச்சிக்கு 50 விழுக்காடு என்பவை தெரியும். ஒரு மாநிலத்தில் பதிந்தால் நாடெங்கும் செல்லும் என்றாலும், வீடு கேரளத்திலும் வாடிக்கையாளர்கள் கோவையிலும் இருப்பவர்கள் தொழில் முகவரிக்கு எந்தச் சான்றைக் கொடுத்தீர்கள்? பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ இந்தத் தேர்வுக்கு மாலையில் தமிழில் சொல்லித் தருபவர் உண்டா? சிறு கடைக்காரரிடம் மாதம் எவ்வளவு கேட்பது நியாயம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.