பாட்டு கட்டச் சொல்லிக்கொடுத்த சார்

மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பாட்டு கட்டச் சொல்லிக்கொடுத்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் எங்கள் சார் ஒருவர்தான். மேடைக் கச்சேரியில் அவர் பெயர் அதிகம் அடிபட்டதில்லை. தமிழில் நிறைய எழுதி மெட்டமைத்திருக்கிறார். அச்சில் எதுவும் வரவில்லை. எல்லாம் கோடு போட்ட நோட்டுகளில், பென்சில் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. சிறுவனாக இருந்தபோது மார்கழி மாதத்தில் பாபநாசம் சிவனின் பஜனைக் கோஷ்டிக்குப் பின்னால் மாட வீதிகளைச் சுற்றியவர். அந்தப் பாட்டுகள்தான் தன் பள்ளிக்கூடம் என்பார்.

நான் அவரிடம் போனபோது வர்ணங்களும் கீர்த்தனைகளும் ஓரளவு பாடமாகி இருந்தன. சொந்தமாக ஒரு பாட்டு செய்ய வேண்டும் என்று ஆசை. என் ஸ்வர ஞானத்தைச் சோதிப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் ஒரு வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: "வருவாய் என்று வாசலைப் பார்த்தேன்." பாடச் சொல்லவில்லை. "இதை வீட்டுல யார்கிட்டயாவது சொல்ற மாதிரி சொல்லும்மா" என்றார். சொன்னேன். கோபமாகச் சொல், அலுத்துப்போய்ச் சொல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் குரல் எந்தச் சொல்லில் ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று தன் விரலாலேயே காற்றில் கோடு போட்டுக் காட்டினார். மெட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ராகத்தைக் கொண்டு அதைத் தொட்டால் போதும் என்பது அவர் கட்சி.

அப்புறம் அதே வரியை ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு என்ற மூன்று தாளங்களிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கை வரும் மிஸ்ர சாபுவில், மூன்றில் "வருவாய்", நாலில் "என்று" எனத் தானாக விழுந்தது. "என்று" என்பதில் எ குறில்தான், ஆனால் அந்த "ன்" நின்று ஒலிக்கிறது, கார்வை கொடுத்தால், அதாவது நீட்டி நிறுத்தினால், தாங்குகிறது. இதைத்தான் அவர் பல வாரங்கள் சொல்லிக்கொடுத்தார். நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் வரணும். இல்லையென்றால் ங், ன், ம், ல், ர் மாதிரி இழுத்தால் ஒலிக்கிற ஒற்றாவது வரணும். "பார்த்தேன்" என்பதில் "த்" வருகிற இடத்தில் ஓசை அறுந்துவிடும், அங்கே கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, வைத்தால் பாடுகிறவர் திண்டாடுவார். "வாசல்" என்பதில் "ச"வை இழுத்தால் "வாசாலை" ஆகிவிடும். கேட்பவர் அர்த்தம் பிடிக்கத் தடுமாறும் அந்த ஒரு நொடியில் ராகம் கையை விட்டுப் போய்விடும் என்பார். எதுகை, மோனை எல்லாம் இதற்குப் பிறகுதான். பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவிக்கு நான் "திருவாரூர்த் தேரடித் தெருவினில் நின்றேன்" என்று எழுதியபோது, இரண்டாம் எழுத்து "ரு" பல்லவியின் "வருவாய்" உடன் பொருந்தியதைவிட "தே" என்ற நெடில் மேல் ஷட்ஜத்தில் (ஸ) வந்து உட்கார்ந்ததைத்தான் பாராட்டினார்.

ஸ்வராட்சரம் பற்றி அவர் எடுத்த பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. சாகித்ய எழுத்தும் ஸ்வரத்தின் பெயரும் ஒன்றாக அமைவது. கொத்தவாசல் வெங்கடராம ஐயரின் சாவேரி வர்ணம் "ஸரஸுட" என்று தொடங்குவதைப் பாடம் பண்ணியவர்களுக்கு இது தெரியும். தமிழில் அப்படி ஒன்று கண்டுபிடியுங்கள் என்று எங்களிடம் விட்டார். கூடப் படித்த ஒருவர் "தாமதமா" என்று கொண்டுவந்தார். த, ம, த, ம. ஆபோகி ராகத்தில் அழகாக உட்காரும். அதில் நிஷாதம் (நி) கிடையாது, அதனால் அடுத்து "நீ" போட முடியாது. ஸ்ரீரஞ்சனி ராகத்துக்குப் போனால் அதுவும் கிடைக்கும். எங்களுக்கு ஒரே குஷி. சார் இரண்டு தடவை பாடிப் பார்த்தார். "தாமதமான்னு ஒருத்தரைக் கேட்டா குரல் கடைசியில மேலே போகுமா, கீழே போகுமா?" என்றார். தைவதத்திலிருந்து (த) மத்தியமத்துக்கு (ம) இறங்கி முடிகிறது மெட்டு. கேள்வி கேள்வியாக இல்லை. அந்த வரியை அங்கேயே விட்டுவிட்டோம். ஸ்வராட்சரம் காதில் பட்டால் சந்தோஷம், படாவிட்டாலும் சொல் தன் குரலில் பேசணும் என்றார்.

பெரியவர்களின் உருப்படிகளை அவர் பாடிக் காட்டியதைவிட எழுத வைத்தது அதிகம். சியாமா சாஸ்திரியின் பைரவி ராக ஸ்வரஜதியை முழுக்க எழுதச் சொல்லி, ஒவ்வொரு சரணமும் எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்று மட்டும் சிவப்புப் பென்சிலால் குறிக்கச் சொன்னார். ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ. எட்டுச் சரணங்களும் படிப்படியாக மேலே ஏறுகின்றன. அதுவரை பாடும்போது ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டே போகிறது என்று தெரிந்ததே தவிர, ஏன் என்று தெரியவில்லை. தியாகராஜரின் கீர்த்தனைகளில் சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முந்தையதிலிருந்து மாறிய இடத்தை மட்டும் வட்டம் போட வேண்டும். நல்ல சங்கதி வரிசையில் வட்டம் சிறியதாக இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நம் சொந்தச் சங்கதிகளை அப்படி எழுதினால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும்.

தீட்சிதரின் ஆனந்தபைரவி ராகக் கிருதி "தியாகராஜ யோக வைபவம்" பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினார். முன்னால் இருக்கும் எழுத்துகள் உதிர உதிர "அகராஜ யோக வைபவம்", "ராஜ யோக வைபவம்", "யோக வைபவம்", "வைபவம்", "பவம்", "வம்" என்று குறைந்து வருகிற கோபுச்ச யதி. எங்களுக்கும் அதுபோல் ஒன்று செய்ய ஆசை வந்தது. அவர் தடுக்கவில்லை, உற்சாகப்படுத்தவும் இல்லை. என் கணிப்பில் அவருக்கு வித்தை காட்டும் இடங்களில் பெரிய நாட்டம் கிடையாது. சோகமான பாட்டுக்குச் சிட்டைஸ்வரம், அதாவது முன்பே எழுதிவைத்த ஸ்வரப் பகுதி, எழுதி அதில் கோர்வை என்ற தாளக் கணக்குப் போட்டு முடித்தால் முகம் மாறிவிடும்.

திரும்பி வரும் இடம்தான் அவருக்கு உயிர். சரணம் முடிந்து பல்லவியை எடுக்கும்போது பாடுகிறவர் பல்லவியைத் தேடக்கூடாது. பல்லவி பஞ்சமத்தில் (ப) தொடங்கினால் சரணத்தின் கடைசிச் சொல் அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். தாளம் தொடங்கி அரை இடம் தள்ளிப் பாட்டு தொடங்கும் எடுப்பு என்றால், அந்த அரை இடத்தில் மூச்சு வாங்க முடியணும், மிருதங்கக்காரர் ஒரு சொல் போட்டு நிறுத்தவும் அவகாசம் வேண்டும். சரிபார்க்க ஒரு வழி வைத்திருந்தார். நாம் எழுதியதை நாமே பாடக்கூடாது. குறிப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, தாளம் போட்டுக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். புதிதாகப் பாடுகிறவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தை இன்னொரு தடவை எழுத வேண்டும். விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது. இன்றைக்கும் என் மாணவிகளிடம் இதை அப்படியே செய்கிறேன். மெட்டமைக்க ஆசைப்படும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

சார் போன பிறகு மாமி நோட்டுகளை எங்களிடம் கொடுத்தார். பல பாட்டுகளில் ஒரே வரிக்கு நாலைந்து மெட்டுகள் எழுதி அடித்திருக்கிறார். கடைசி நோட்டில் சகானா ராகத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, பல்லவியும் அனுபல்லவியும் மட்டும். ரிஷபத்தில் (ரி) ஒரு நெடிலை நிறுத்திவிட்டு அனுபல்லவி தொடங்குகிறது. அந்த ஒரு இடத்திலேயே சகானா முழுசாக வந்துவிடுகிறது. சரணம் எழுதிச் சேர்க்கலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். எழுதியும் பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தீட்சிதர் கிருதிகளில் பல்லவியும், அனுபல்லவியும் சரணமும் ஒன்றான சமஷ்டி சரணமுமாக இரண்டே அங்கமாக நிற்பவை எத்தனையோ இருக்கின்றன. இதையும் அப்படியே பாடுவோம் என்று முடிவு செய்தோம். அனுபல்லவியின் கடைசிச் சொல்லிலிருந்து பல்லவிக்குத் திரும்ப அவர் வழி போட்டுத்தான் வைத்திருக்கிறார்.